ஒரு நூல் விடணும்

கண்ணாடிக்காரருக்கு அந்தப் படபடப்பு முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேநீர் குடித்து முடித்த கையோடு. கம்பளி விரித்த மேஜையில் நாலடிக்கு மூன்றடியில் ஒரு கண்ணாடி படுத்திருந்தது. அளந்தாகிவிட்டது, குறித்தாகிவிட்டது. கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு எடுத்து, நேர்ச்சட்டத்தை ஒட்டிக் கையை வைத்தார். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் வயிறு எப்படிச் சரியுமோ, அப்படிச் சரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. தெருவில் பால் வண்டி போனது. எதிர்க்கடைக்காரர் துருப்பிடித்த ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உலகம் தன்பாட்டுக்கு இருந்தது.

இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிறவர். அந்தத் தொழிலில் கோடு ஒரே இழுப்பில் போகவேண்டும். பாதியில் தயங்கி நின்றால் கெட்டது. போன கோட்டின்மேல் சரிபார்க்கிறேன் என்று இன்னொரு தடவை போனால் அதைவிடக் கெட்டது. கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அன்றைக்கு அவர் தயங்கினார். கண்ணாடி மூலையில் பிறை மாதிரி பிய்ந்து விழுந்தது.

அதற்கப்புறம் தினமும் வந்தது. நேரம் காலம் கிடையாது. வெயில் காலத்துக் காற்று வேறு அப்போது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடையின் தகரக் கூரை ஒரு மூலையில் தூக்கித் தூக்கிப் போட்டது. அலமாரியில் நிறுத்தி வைத்த கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசிக் கிச்சுக் கிச்சென்று பேசிக்கொண்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தலையைத் தூக்கினார். பயம் வெட்டுவதில் தொடங்கி அளப்பதற்குப் போனது. ஒரு தடவை அளந்தால் போதாது. இரண்டாவது தடவை அளந்தால், முதல் தடவைக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கிற மாதிரி தோன்றும். அப்புறம் மூன்றாவது.

"மாமா, அது என்ன வளர்ற பிள்ளையா? அளந்துட்டே இருக்கீங்க" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கண்ணாடியைச் சுமப்பது, வண்டியில் ஏற்றுவது, வீடுகளில் பொருத்துவது எல்லாம் அவன் பொறுப்பு. உடம்பாலும் குரலாலும் அவனுக்கு ஊரில் லாரி என்று பெயர். எவ்வளவு பெரிய கண்ணாடியையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்குவான். ஒரு கோடு நேராக வெட்ட மட்டும் வராது.

"சும்மா ஒரு தடவை பார்த்துக்கிறேன்டா."

"இது அஞ்சாவது சும்மா."

கண்ணாடிக்காரர் டேப்பைச் சுருட்டினார். சுருட்டிய கை நடுங்கியது. லாரி அதைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். அவன் குரலை இறக்கினால் எதிர்க்கடை வரைக்கும்தான் கேட்கும்.

"வீட்டுல ஏதாவது சண்டையா? அக்கா ஏதும் சொல்லிச்சா? நான் வேணா பேசிப் பார்க்கட்டா?"

"நீ பேசினா இல்லாத சண்டையும் வந்துடும்."

"அப்ப என்னதான் மாமா?"

"ஒண்ணுமில்லடா."

ஒன்றுமில்லை என்பது பொய் இல்லை. அதுதான் அவருக்கு வேதனையாக இருந்தது. டாக்டரிடம் போனார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு. இப்போதைக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல. தொடர்ந்து இப்படியே இருந்தா மறுபடி வாங்க, அதுக்கும் பார்க்கிறவங்க இருக்காங்க" என்றார். வெளியே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பஸ்ஸில் பாதித் தூரம் வரைக்கும் சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி யோசிக்க ஆரம்பித்தாள்.

அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். விடிவதற்கு முன்னால் போய் மதியம் திரும்புவாள். வரும்போது அவளோடு ரொட்டி வாசனையும் வீட்டுக்குள் வரும். அன்று மாலை உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. அப்ப உடம்பு இல்ல. வேற என்னங்க?"

"தெரியலம்மா."

"எங்கிட்ட சொல்ல முடியாத விஷயமா?"

"விஷயமே இல்ல. அதுதான் விஷயம்."

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு நமக்கு. உங்க முதுகைப் பார்த்தே பசியா இருக்கீங்களா கோபமா இருக்கீங்களான்னு சொல்லிடுவேன். இப்ப முகத்தைப் பார்த்தும் தெரியல." கத்தியைக் கீழே வைத்தாள். "வேற யாராவது..."

முடிக்கவில்லை. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"என்னைப் போய் யாரும்மா? தலையெல்லாம் கண்ணாடித் தூளு. பக்கத்துல வந்தா கீறிடும்."

"சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சுட்டா கேட்டதை மறந்துடுவேன்."

அவள் சிரிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. ரொட்டி ஆலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறவள், "சாப்பிடுங்க", "கதவைச் சாத்துங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவர் நிலைமை அதைவிட மோசம். குடித்தவனுக்குக் குடி இருக்கிறது, தோற்றவனுக்குத் தோல்வி இருக்கிறது. கேட்கிறவர்களிடம் எடுத்துக் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. காலையில் கைகூப்பி நிற்கும்போது, இதை எடுத்துவிடு என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கடவுளே, ஒரு காரணத்தையாவது கொடு என்றுதான் கேட்டார்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை அவர் மனைவியிடம் சொன்னார்: "கட்டரை உன் தம்பி கையில குடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

"அவன் வெட்டினா கண்ணாடிக்கு ஏத்த மாதிரி வீட்டையில்ல இடிச்சுக் கட்டணும்."

"ஆஸ்பத்திரிக்கு அறுபது கண்ணாடி கேட்டிருக்காங்க. திங்கட்கிழமை பதில் சொல்லணும். கை நடுங்கிட்டே வெட்டி, ஒண்ணு சரியா உக்காராம எவன் தலையிலயாவது விழுந்தா? முடியாதுன்னு சொல்லிடறேன். கடையில வெறுமனே விற்கிறது மட்டும் போதும்."

"வெட்டாம நீங்க என்ன செய்வீங்க?"

அவள் எழுந்து போய்த் துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துணிதான்.

மறுநாள் சனிக்கிழமை பத்து மணிக்கு போஸ்ட்மாஸ்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. பதினைந்து நாளுக்கு முன் அவர்கள் வீட்டு மேற்கு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தார். வேலையில் இருந்தபோது தபால் நிலையத்தில் எப்படிப் பேசினார்களோ, ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான் பேசுவார்கள். வரிசையில் நிற்காதவனைப் பார்த்துப் பேசுகிற மாதிரி.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு. வந்து மாத்திக் குடுங்க. உங்களைக் குத்தம் சொல்லல. இது வேற விவகாரம்."

லாரி வேறொரு வீட்டுக்குப் போயிருந்ததால் கண்ணாடிக்காரர் தனியாகச் சைக்கிளில் போனார். அனல் காற்று மண்ணை வாரி முகத்தில் இறைத்தது.

அந்த வீட்டில் இரண்டு பேர்தான். போஸ்ட்மாஸ்டரம்மா, பதினொரு வருஷமாகச் சமைத்துப் போடுகிற சமையல்காரம்மா. கதவைத் திறந்தது சமையல்காரம்மாதான். நெட்டையான பெண், ஐம்பது வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது. கூடத்தில் ஒரு துணிப்பை நிரம்பி, வாய் கட்டி, சுவரோரமாக இருந்தது.

போஸ்ட்மாஸ்டரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "அந்த ஜன்னல்தான். நேத்து மத்தியானம் நான் படுத்திருந்தேன். டிக்குன்னு ஒரு சத்தம். வந்து பார்த்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல் விட்டுக் கிடக்கு. வீட்டுல என்னை விட்டா இவ மட்டும்தான். கேட்டா, நான் தொடவே இல்லங்கிறா."

"தொடலம்மா. நான் அடுப்படியில இருந்தேன்" என்றாள் சமையல்காரம்மா.

"பாருங்க. கண்ணாடி போனதுக்கு எனக்குக் கோபமே இல்ல. துடைக்கிறப்ப கட்டை பட்டிருக்கும், போகட்டும். பட்டுச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. யாரும் தொடாம கண்ணாடி எப்படிங்க உடையும்? பதினொரு வருஷம் சாவியைக் குடுத்து வச்சிருக்கேன். பொய்தான் தாங்கல."

"பொய் சொல்லலம்மா."

"அப்ப காரணத்தைச் சொல்லு."

"தெரிஞ்சாத்தானே சொல்ல."

கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் போனார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சுதான் அது, ஆள்தான் வேறு.

விரிசலைப் பார்த்தார். கல்லோ கட்டையோ பட்ட கண்ணாடிக்கு ஓர் அடையாளம் உண்டு: பட்ட இடத்தில் சின்னதாகப் பூ மாதிரி நொறுங்கி, அங்கேயிருந்து நாலா பக்கமும் கோடு ஓடும். இதில் பூ இல்லை. மேல் ஓரத்தில், மரச்சட்டத்துக்குள் மறைந்த இடத்தில் ஒற்றைக் கோடாகப் பிறந்து, ஆறு வளைவது போல வளைந்து கீழே இறங்கியிருந்தது. அவர் பையிலிருந்து தகட்டுக் கத்தியை எடுத்துச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இடதுபுறம் பார்த்தார். நுழையவில்லை. ஒரு காகிதம்கூடப் போகாது.

கத்தியை மெல்லப் பையில் வைத்தார்.

இஞ்சை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். சட்டம் என்ன அளவோ, அதிலிருந்து நீளத்திலும் அகலத்திலும் ஒரு நூல் விட்டுத்தான் கண்ணாடி வெட்டவேண்டும். தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்கிற பாடம் அது. இந்த ஜன்னலை வெட்டிய நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. ஆறு தடவை அளந்தார். ஒரு நூல் விட்டால் கண்ணாடி ஆடுமோ, காற்றில் கழன்று விழுமோ, கீழே யாராவது நிற்பார்களோ என்று பயந்து பயந்து, விடவேண்டிய அந்த நூலை விடாமல், சட்டத்தின் முழு அளவுக்கே வெட்டினார். லாரிகூட, "என்ன மாமா, இவ்வளவு இறுக்கமா உக்காருது" என்றான். அவர்தான் "பத்திரமா இருக்கும்டா" என்றார்.

சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. போஸ்ட்மாஸ்டரம்மாதான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்று முன்பே விடுதலை கொடுத்துவிட்டார்களே. ஏதோ பட்டிருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பயந்த கையால் வெட்டுகிறான் என்று வெளியே தெரிந்தால் கடை என்னவாகும்? அவர் சுவரோரத்துப் பையைப் பார்த்தார். வாயை ஒரு பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது; இரட்டை முடிச்சு.

"அம்மா, இது அவங்க பண்ணினது இல்ல. நான் பண்ணினது" என்றார்.

"நீங்களா? நீங்க அந்தப் பக்கமே வரலையே."

"கண்ணாடி வெயில்ல கொஞ்சம் விரியும்மா. கண்ணுக்குத் தெரியாது, ஆனா விரியும். சுத்தி ஒரு நூல் இடம் விட்டா, விரிஞ்சுட்டு சாயங்காலம் பழையபடி ஆயிடும். நான் இடமே விடல. இறுக்கிட்டேன். மேற்கு ஜன்னல், நேத்து அடிச்ச வெயில் வேற. அதுக்குப் போக இடம் இல்ல. தானா வெடிச்சுடுச்சு. யாரும் தொடணும்னே இல்ல. யாரு தொட்டான்னு வெளியில தேடினா எவ்வளவு தேடினாலும் கிடைக்காது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்ட மாதிரி இருந்தது.

"நான் பண்ணல, இல்லீங்க?" என்று கேட்டாள் சமையல்காரம்மா. மெல்லத்தான் கேட்டாள். "நேத்துலேர்ந்து இவங்க கேட்டுக் கேட்டு, ஒருவேளை போற வாக்குல நான்தான் தட்டிட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே ஆயிடுச்சு. ராத்திரியெல்லாம் யோசிச்சு, எந்தக் கையால தட்டினேன்கிற வரைக்கும் வந்துட்டேன்."

"நீங்க பண்ணலம்மா."

போஸ்ட்மாஸ்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்கள், மறுபடி மாட்டினார்கள்.

"உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன்."

"சொன்னீங்க. ரெண்டு தடவை."

"மூணு தடவை."

"மூணாவது மனசுக்குள்ள சொல்லியிருப்பீங்க. எனக்குக் கேக்கல."

போஸ்ட்மாஸ்டரம்மா எழுந்தார்கள். அந்தத் துணிப்பையைத் தூக்கப் பார்த்தார்கள், கனமாக இருந்தது. இழுத்துக்கொண்டே அடுப்படியை ஒட்டிய அவள் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அவர்கள் வாய்க்குப் பழக்கமில்லாதது. அந்தப் பையை இழுத்த சத்தத்தை, ஆண்டவன் அந்த வார்த்தையாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

கண்ணாடிக்காரர் புது அளவு எடுக்க டேப்பை நீட்டினார். கை நடுங்கி, நுனி சட்டத்தில் நிற்காமல் வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. சமையல்காரம்மா பார்த்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் வந்து டேப்பின் நுனியைத் தன் கட்டைவிரலால் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"படிங்க" என்றாள்.

படித்தார். எழுதினார். மறுபடி டேப்பை வைக்கப் போனார்.

"நான்தான் பிடிச்சேனே. நகரல. ஒரு தடவை போதும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், குழம்பு கொதித்துவிட்டது, இறக்கலாம் என்கிற மாதிரி. அவர் டேப்பைச் சுருட்டினார். எழுதிய அளவிலிருந்து நீளத்திலும் அகலத்திலும் ஒரு நூல் கழித்தார்.

கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற இடத்தில், ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். "கை ரொம்ப நாளா இப்படியா?"

"மூணு வாரம்."

"எதனால?"

வழக்கமாக ஒண்ணுமில்ல என்பார். "காரணம் தெரியல. பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். நேற்று மத்தியானம் வரைக்கும் இருந்தவளாக இருந்தால், காரணம் இல்லாம எப்படி என்று அவளும் கேட்டிருப்பாளோ என்னவோ. "தண்ணியைக் குடிங்க. வெயில் தாங்கல" என்றாள்.

கடைக்கு வந்ததும் லாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். லாரி தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான்.

"இந்த மூணு வாரத்துல எத்தனை வீட்டுக்குப் போட்டோம்?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"நாளைக்கு ஒன்பது வீட்டுக்கும் போகணும். இறுக்கமா இருக்கிறதையெல்லாம் கழட்டி, ஓரம் தேய்ச்சு மாட்டணும். ஏன்னு கேட்டா நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லணும்."

"நான் சொல்றேன் மாமா."

"நீ சொன்னா பத்தாவது வீட்டுக்கும் கேட்கும். நானே சொல்றேன்."

மேற்கு ஜன்னலுக்கான புதுக் கண்ணாடியை மேஜையில் படுக்கவைத்தார். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது நிற்கட்டும் என்று இத்தனை நாள் காத்திருப்பார். இன்றைக்குக் காத்திருக்கவில்லை. லாரி நேர்ச்சட்டத்தின் மறுமுனையை அழுத்திக்கொள்ள, கட்டரைத் தொட்டு எடுத்து இழுத்தார். கிர்ரென்று சீராக ஒரு கோடு ஓடியது. மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்து கீழே ஒரு தட்டு. பிரிந்தது. பயந்த கைதான். ஆனாலும் வெட்டியது.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மனைவி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று ஒவ்வொரு துணியையும் பிடுங்கப் பார்த்தது. அவர் கிளிப்புகளைக் கையில் வாங்கிக்கொண்டார். அவள் நீட்ட நீட்ட ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் கை நின்றது. மூன்று வாரமாகக் காத்திருந்த முகம்.

"நீ கேட்டியே, என்னன்னு. ஒண்ணும் மறைக்கல. வெளியில யாரும் இல்ல, எதுவும் இல்ல. எனக்கு உள்ள பயமா இருக்கு. எதுக்குன்னு எனக்கும் தெரியல. தெரியாதுன்னு சொன்னா நீ நம்ப மாட்டியோன்னு ஒண்ணுமில்லன்னே சொல்லிட்டு இருந்தேன். அதுதான் நான் பண்ணின தப்பு."

"எதுக்குன்னு தெரியாமலே பயம் வருமா?"

"வருது."

அவள் ஈரத் தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டே அவரைக் கூர்ந்து பார்த்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டாள்.

"மூணு வாரமா எனக்கும் படபடப்புத்தான். மெஷின்ல ரெண்டு தடவை கை மாட்டப் பார்த்துச்சு. உங்களுக்காவது காரணம் தெரியல. எனக்குக் காரணம் நீங்கதான்."

இந்தத் தடவை சிரிப்பு அவளுக்குத்தான் முதலில் வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. உறையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"வெட்டறேன்னு சொல்லப் போறேன். உன் தம்பி டேப்பைப் பிடிச்சுக்கட்டும். ஒரு தடவைதான் அளப்பேன்."

"வந்துச்சுன்னா?"

"வரும். ரொம்ப வந்தா டாக்டர்கிட்ட மறுபடி போவோம். கூட வருவியா?"

"தனியாப் போங்கன்னா போயிடுவீங்களாக்கும்."

சாப்பிட உட்கார்ந்தார்கள். ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும்போது அது வந்தது. இத்தனை நாள் மாதிரி அவர் எழுந்து உலாத்தப் போகவில்லை.

"வந்துடுச்சு" என்றார்.

"சரி, இருக்கட்டும்." அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கமாகப் போட்டுக்கொண்டாள். அவர் தட்டில் இன்னொரு முட்டையை உரித்து வைத்தாள். என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தாள். "இன்னைக்கு ஆலையில என்ன நடந்துச்சு தெரியுமா? அந்தப் புது சூப்பர்வைசர் இருக்காரே, நீளமா மீசை வச்சவரு, மாவு பிசையற மெஷினைக் குனிஞ்சு பார்க்கிறேன்னு போனாரு..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நெஞ்சு அடித்தபடியேதான் இருந்தது. அதன் நடுவே அவள் குரலும் கேட்டது. அவர் முட்டையை உப்பில் தொட்டுக்கொண்டார்.

"அப்புறம்?" என்று கேட்டார்.